எச்டி டிவிடியா, புளூரேயா: லென்ஸ் போன பிறகு ஒரு கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் பெங்களூரிலிருந்து வீடியோ கால் போட்டான். எஸ்.பி. ரோடு பக்கம் நடைபாதைச் சந்தையில் நிற்கிறான். தார்ப்பாயின் மேல் ஒரு வெள்ளை எக்ஸ்பாக்ஸ் 360 கேம் பெட்டி, அதை ஒட்டி இன்னொரு சின்ன வெள்ளைப் பெட்டி, சிவப்பு உறை போட்ட டிஸ்க்குகள் ஒரு இருபது.

"மாமா, எல்லாம் சேர்த்து நாலாயிரம் சொல்றார். படமும் பார்க்கலாம், கேமும் ஆடலாமாம். பக்கத்துல ஒரு பழைய பிஎஸ்3 இருக்கு, ஐயாயிரத்து ஐந்நூறு. எதை எடுக்கட்டும்?"

அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எச்டி டிவிடி டிரைவ்; சிவப்பு உறையில் இருந்தவை அதில் ஓடும் படங்கள். 2007-ல் என் மச்சான் கம்பெனி வேலையாக அமெரிக்கா போய்த் திரும்பும்போது, ஸ்வெட்டரில் சுற்றி சூட்கேஸில் கொண்டுவந்த அதே சாதனம். அவன் ஓசூரில் அதை எக்ஸ்பாக்ஸில் மாட்டினான்; நான் கிருஷ்ணகிரியில் புளூரே டிரைவோடு வரும் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) வாங்கினேன். வீட்டுக்கு ஒரு கட்சி. "சிவப்பு உறையைத் தொடாதே" என்று மட்டும் போனில் சொன்னேன். அக்கா மகனுக்குப் பதினெட்டு வயது. டிவிடிக்கு அடுத்த டிஸ்க் எது என்று எச்டி டிவிடியும் புளூரேவும் போட்ட சண்டை நடந்தபோது தொட்டிலில் கிடந்தவன். அதனால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு ஒப்புதல். நான் தீர்க்கதரிசனத்தோடு புளூரேவைத் தேர்ந்தெடுக்கவில்லை. கல்யாண வீடியோ எடுத்து டிஸ்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். கேம் ஆடவும் ஆசை, தொழிலுக்கும் ஆகும் என்று ஒரே பெட்டியாக வாங்கினேன். 39,990 ரூபாய். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கேமரா வந்திருக்குமே என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். மச்சானின் எக்ஸ்பாக்ஸ் அதைவிடப் பதினைந்தாயிரம் வாக்கில் குறைவு. மேலே அந்த டிரைவையும் சேர்த்தால்கூட என்னைவிட மலிவாகத்தான் முடித்தான்.

படத்தின் தரத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. இரண்டுமே 405 நானோமீட்டர் நீல ஊதா லேசரில் படிப்பவை. எச்டி டிவிடியில் ஒரு அடுக்குக்கு 15 ஜிபி, இரண்டு அடுக்குக்கு 30. புளூரேயில் 25, 50. தாளில் பெரிய வித்தியாசம். ஆனால் எங்கள் இரண்டு வீட்டிலும் இருந்தது 32 அங்குல எல்சிடி. ஒரே படத்தை இரண்டிலும் போட்டு, சோபாவில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பார்த்தோம். சண்டை போடக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. சத்தத்தைப் பற்றி நான் பேசவே கூடாது. டிவியோடு வந்த ஸ்பீக்கரைத் தாண்டி நான் எதையும் மாட்டியதில்லை.

கேம் என்று வந்தால் சந்தைக்காரர் சொன்னது பாதி உண்மைதான். அந்தச் சின்ன டிரைவ் படத்துக்கு மட்டும். எக்ஸ்பாக்ஸ் 360 கேம்கள் கடைசிவரை சாதாரண டிவிடியில்தான் வந்தன. இரண்டு அடுக்கு டிவிடி என்றாலும் 8.5 ஜிபிக்கு மேல் கிடையாது. அதனால் 'ஃபைனல் ஃபேன்டஸி 13' எனக்கு ஒரே டிஸ்க்கில் வந்தது, அவனுக்கு மூன்று டிஸ்க்கில் வந்தது. நடுவில் எழுந்துபோய் மாற்ற வேண்டும். பதிலுக்கு அவனும் என்னைக் கிண்டல் செய்தான். பிஎஸ்3-யின் புளூரே டிரைவ் கொஞ்சம் மந்தம். பல கேம்களை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி முடிப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம்.

மச்சான் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். எச்டி டிவிடி படங்களுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். புளூரேயில் உலகத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். அமெரிக்கா 'ஏ', நாம் 'சி'. எனக்காக அவன் வாங்கிவந்த மூன்று புளூரேயில் இரண்டு ஓடின, மூன்றாவதை என் பெட்டி ஏற்கவே இல்லை. அதை அவன் அலமாரியிலேயே வைத்துக்கொண்டு, போகும்போதெல்லாம் எடுத்துக் காட்டுவான். இன்னொன்று, எச்டி டிவிடி முதல் நாளிலிருந்தே முழுசாக வந்தது. படத்துக்குள் படம், இணைய வசதி எல்லாம் எல்லா பிளேயரிலும் கட்டாயம். புளூரேயில் அவை தவணை முறையில் வந்தன. ஆரம்பகால புளூரே பிளேயர் வாங்கியவர்கள் பலருக்கு அந்த வசதிகள் வரவே இல்லை. பிஎஸ்3 வாங்கியவர்கள் மட்டும் அப்டேட் புண்ணியத்தில் தப்பித்தோம். 2010-ல் 3டி கூட அப்படித்தான் வந்தது.

சண்டை எப்படி முடிந்தது என்பதும் சின்னக் கதைதான். 2008 ஜனவரி 4-ஆம் தேதி வார்னர் படக் கம்பெனி தன் படங்கள் இனி புளூரேயில் மட்டும்தான் என்று அறிவித்தது. பிப்ரவரி 19-ஆம் தேதி எச்டி டிவிடி கட்சிக்குத் தலைமை தாங்கிய டோஷிபா அதை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. நடுவில் ஏழு வாரம்கூட இல்லை. மச்சான் அன்று ராத்திரி போன் செய்து, "சரி விடு மச்சான், டிஸ்க் இனி சீப்பா கிடைக்கும்" என்றான். கிடைக்கவும் செய்தது. அமெரிக்காவில் இருந்த நண்பர்கள் மூலமாகத் தள்ளுபடி விலையில் வாங்கிக் குவித்தான். அப்போது பார்த்தால் அவன்தான் புத்திசாலி.

அந்தக் கணக்கு பராமரிப்பில்தான் மாறியது. அதுவும் ஐந்து வருஷம் கழித்து.

2013 கோடையில் என் பிஎஸ்3 புளூரேவைப் படிக்க மறுத்தது. டிஸ்க்கை உள்ளே இழுக்கும், டிவியில் வட்டம் சுற்றும், பிறகு ஒன்றுமே போடாத மாதிரி அடங்கிவிடும். சாதாரண டிவிடி போட்டால் கிண்ணென்று ஓடும். அதனால் டிஸ்க்கில்தான் கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் வேட்டித் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ரிப்பேருக்குக் கொடுத்த முதல் கடையில் டிரைவ் மொத்தமாகப் போச்சு என்று சொல்லி வேறு டிரைவை மாட்டினார்கள். படம் கொஞ்சம் ஓடியது, கேம் ஒன்றுகூட ஓடவில்லை. காசு மட்டும் திரும்பி வரவில்லை.

இரண்டாவது ஆள்தான் விஷயம் தெரிந்தவர். பெங்களூரில் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு டேபிள் லேம்ப், அவ்வளவுதான் கடை. மூடியைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சறுக்குத் தண்டின் மேல் ஒரு குட்டி வண்டி, அதன் தலையில் கடுகு அளவில் இரண்டு கண். "ஒண்ணு டிவிடிக்கு, ஒண்ணு புளூரேவுக்கு. புளூரே கண்ணுதான் மங்கிப்போச்சு" என்றார். முதல் கடைக்காரர் செய்த தவறையும் அவரே சொன்னார். இந்த டிரைவின் அடியில் இருக்கும் பச்சை போர்டு அந்தந்தப் பெட்டியின் மதர்போர்டோடு ஜோடி சேர்த்தே வருகிறது. வேறு பெட்டியின் டிரைவை முழுசாக மாட்டினால் கேம் ஏற்காது. பழைய போர்டை வைத்துக்கொண்டு லென்ஸ் வண்டியை மட்டும் மாற்ற வேண்டும். பிரஷ்ஷால் உள்ளே தட்டியபோது சாம்பல் நிறத்தில் பஞ்சு போல் ஒரு உருண்டை வந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி கிரானைட் பாலிஷ் பட்டறை. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது எந்த நிறத் தூசி என்று சொல்ல வேண்டியதில்லை.

லென்ஸ், கூலி எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். இன்று வரை ஓடுகிறது.

மச்சானின் டிரைவும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் மக்கர் செய்யத் தொடங்கியது. அது யுஎஸ்பி டிரைவ் என்பதால் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தோம். அந்த வசதி நிஜமாகவே நல்ல வசதி, என் பெட்டியில் கிடையாது. கம்ப்யூட்டர் டிரைவை அடையாளம் கண்டது, டிஸ்க்கைத்தான் காணவில்லை. லென்ஸ் மாற்றலாம் என்று அதே மாடிப்படி ஆளிடம் எடுத்துப் போனோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இதுக்கு லென்ஸை நான் எங்கே போய் வாங்குவேன்?" என்றார். பிஎஸ்3 லென்ஸ் அவர் இழுப்பறையில் டஜன் கணக்கில் கிடந்தது. அவ்வளவு பெட்டி விற்றிருந்தது, அவ்வளவு பெட்டி கெட்டும் போயிருந்தது. அதனால் உதிரிபாகம் வந்துகொண்டே இருந்தது. 2008-ல் நின்றுபோன சாதனத்துக்கு யார் லென்ஸ் செய்வார்கள்?

மச்சான் விடவில்லை. வெளிநாட்டிலிருந்து இன்னொரு பழைய டிரைவ் வரவழைத்தான். அது ஓடியது. அப்போதுதான் அடுத்த அடி. அவனிடம் இருந்த பதினொரு டிஸ்க்கில் நான்கு, நல்ல டிரைவிலும் ஓடவில்லை. இரண்டு பாதியில் நிற்கும், இரண்டு தொடங்கவே தொடங்காது. கீறல் ஒன்றும் இல்லை. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தபோது ஒன்றின் ஓரத்தில் பால் திரிந்த மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. எச்டி டிவிடியும் டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டிச் செய்தது. டிவிடி அச்சடிக்கும் பட்டறையிலேயே அதிகச் செலவில்லாமல் அச்சடிக்கலாம் என்பதுதான் அதன் பெரிய விளம்பரம். அந்த ஒட்டுக்குள் கோளாறு வந்தால் வெளியே துடைத்து ஒரு பயனும் இல்லை.

புளூரேயின் கட்டமைப்பு வேறு. பதிவு மேல்பரப்பிலிருந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கேட்டால் பயமாக இருக்கும், நியாயமான பயம்தான். ஆரம்பத்தில் ஜப்பானில் வந்த பதிவு டிஸ்க்குகளை பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தே விற்றார்கள். பிறகு கெட்டியான மேல்பூச்சு ஒன்று கண்டுபிடித்து, கூட்டைத் தூக்கிப் போட்டார்கள். அந்தப் பூச்சு எங்கள் ஊர்த் தூசிக்கு நன்றாகவே தாங்குகிறது. டிவிடியை இரண்டு தரம் துடைத்தால் விழும் மயிரிழைக் கோடுகள் என் புளூரேகளில் இல்லை. என்னிடம் முப்பத்துச் சொச்சம் இருக்கின்றன, எல்லாம் ஓடுகின்றன. புளூரேயிலும் நிறம் மாறிக் கெட்டுப்போன டிஸ்க் உண்டு என்று புகார்கள் இருக்கின்றன. முப்பது டிஸ்க்கை வைத்துக்கொண்டு நான் சத்தியம் செய்ய முடியாது.

டிஸ்க் நன்றாக இருந்து பெட்டி போனால் என்ன ஆகும் என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப்படுகிறது. நாளைக்கே என் பிஎஸ்3 புகைந்து போனாலும் 2008-ல் வாங்கிய படத்தை பிஎஸ்4-ல் போடலாம், டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5-ல் போடலாம். 2013-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலேயே புளூரே டிரைவ் வைத்துவிட்டார்கள். 2009-ல் டோஷிபாவே புளூரே பிளேயர் விற்க வந்துவிட்டது. மச்சானின் மிச்சம் ஏழு டிஸ்க்குக்கு உலகத்தில் இருக்கும் பழைய டிரைவ்களை விட்டால் வேறு கதி இல்லை, அவையும் வருஷா வருஷம் குறைந்துகொண்டுதான் போகின்றன. ஆனால் ஒன்று: இந்தச் சலுகை படத்துக்கு மட்டும். பிஎஸ்3 கேம் டிஸ்க்குகளை பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டுமே ஏற்காது. கேமுக்காக வாங்குகிறாய் என்றால் பெட்டியையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

தொழிலுக்கு ஆனதா என்று கேட்டால், எதிர்பார்த்த வழியில் ஆகவில்லை. வெற்று புளூரே ஒன்று வாங்கும் காசுக்கு அப்போது ஒரு கட்டு வெற்று டிவிடி வந்துவிடும்; எந்த மாப்பிள்ளை வீட்டார் தருவார்கள்? ஆனால் சாதாரண டிவிடியிலேயே எச்டி கேமராக்களின் ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையில் எச்டி வீடியோவை எழுதினால் பிஎஸ்3 அதைப் படித்துவிடும். 4.7 ஜிபியில் அரைமணி நேரம் கொள்ளும். முகூர்த்தத்தை மட்டும் அப்படி எழுதி, ஸ்டுடியோவில் டிவியில் ஓடவிடுவேன். மாங்கல்யத்தில் கோத்த குண்டுமணி தனித்தனியாகத் தெரியும். அதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு. வீட்டுக்கு வாங்கிப் போனது என்னவோ டிவிடிதான்.

பிஎஸ்3-யிலும் எரிச்சல் இல்லாமல் இல்லை. டிஸ்க்கை வாயில் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை அது. கரண்ட் போனால் டிஸ்க் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பவர் கட் உச்சத்தில் இருந்த அந்த வருஷங்களில், வாடகைக்கு எடுத்த படம் என் பெட்டி வயிற்றுக்குள் இருக்க, கடைக்காரர் வாசலில் வந்து நின்ற கதையும் நடந்தது.

ஆகவே தம்பி, ஐயாயிரத்து ஐந்நூறு சொன்னால் நாலாயிரத்து ஐந்நூறுக்குக் கேள். காசு கொடுப்பதற்கு முன் மூன்று டிஸ்க் கையோடு எடுத்துப் போ: ஒரு டிவிடி, ஒரு புளூரே படம், ஒரு கேம். மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பார். டிவிடி மட்டும் ஓடி புளூரே ஓடவில்லை என்றால் லென்ஸ் காசை விலையில் கழிக்கச் சொல். படம் ஓடி கேம் ஓடவில்லை என்றால் யாரோ டிரைவை மாற்றியிருக்கிறார்கள், வாங்காதே. டிஸ்க் மூன்றும் வேண்டுமென்றால் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போ. அப்படியே அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியை மட்டும் தனியாக ஐந்நூறுக்குத் தருவாரா என்று கேட்டுவை. எதற்கு என்று கேட்காதே. மச்சானிடம் இன்னும் ஏழு டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கிறது.