ஹெரால்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஜாக்கி போடுங்கள்

பழைய கார்களைப் புதுப்பித்து விற்கும் சேலத்துக்காரர் ஒருவரிடம் போன ஆண்டு ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வாங்கி 4,75,000 ரூபாயைத் தொலைத்தேன். வழக்கு நடப்பதால் பெயர் போட முடியாது. ஆனால் அவர் விற்கும் விதத்தைச் சொல்லலாம். அவருடைய பட்டறையில் இப்போது இன்னொரு ஹெரால்ட் விற்பனைக்கு நிற்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹெரால்டைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது, இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி வடிவமைத்தது, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி தயாரித்தது, 948 சிசி எஞ்சின் என்று மளமளவென்று சொன்னார். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. காரைத்தான் சரிபார்க்கவில்லை.

என் தாய்மாமா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். அவருடைய முதலாளியிடம் வெண்ணெய் நிறத்தில் ஒரு ஹெரால்ட் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அம்பாசடர்க்காரன் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும்போது எங்கள் வண்டி பம்பரமாகத் திரும்பும் என்று மாமா பெருமை பேசுவார். பெருமையில் உண்மையும் உண்டு. சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும் கார் அது. இந்தக் கதை முழுவதையும் முதல் சந்திப்பிலேயே விற்பவரிடம் கொட்டிவிட்டேன். எனக்கான தூண்டிலில் புழுவைக் கோத்துக் கொடுத்தவன் நானேதான்.

பத்து நாள் கழித்து அவரே அழைத்தார். "சார், உங்களுக்கென்றே ஒரு வண்டி வந்திருக்கிறது. ஏற்காட்டு எஸ்டேட் வண்டி, ஒரே உரிமையாளர், 1963." போய்ப் பார்த்தேன். அதே வெண்ணெய் நிறம். கதவைத் திறந்தவுடன் காப்பிக்கொட்டை வாசனை. அந்த வாசனையிலேயே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு அவர் பானெட்டைத் திறந்தார். ஹெரால்டில் பானெட் தனியாகத் திறக்காது. இரு பக்க மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து முன்பக்கம் அப்படியே சாயும். கார் குனிந்து கும்பிடுவது போல இருக்கும். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரில் சேஸிஸ் எண் பொறித்த சிறிய தகடு, ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகள் மட்டும் நேற்று அடித்தவை போலப் பளபளத்தன. பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். அடியில் பார்க்கலாமா என்று கேட்டபோது, இறங்கி நின்று அடியைப் பார்க்கும் குழியின் மேல் வேறொரு கார் நிற்பதாகவும் அதற்குச் சாவி இல்லை என்றும் சொன்னார்.

மூன்றாவது வாரம் குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். அடிவாரத்தில் பின் டயர் பஞ்சர். பஞ்சர் கடைப் பெரியவர் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் தூக்கினார்.

"சார், இது கெஸலா?"

"இல்லை பெரியவரே, ஹெரால்ட்."

"ஹெரால்டைத் தூக்கினால் பின் சக்கரம் கோழி காலை மடக்குவது போல உள்ளே மடங்கும். இது விறைத்துக்கொண்டு நிற்கிறது பாருங்கள்."

ஹெரால்டின் பின் அச்சு இரு பக்கமும் தனித்தனியே ஊஞ்சல் போல ஆடும் வகை. சக்கரம் தொங்கும்போது அதன் அடிப்பாகம் உட்பக்கம் சாயும். இந்த அமைப்பு நம் ஊர் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. அதனால் 1972-இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் எஞ்சின் அதே 948 சிசி, பின் அச்சு மட்டும் ஒரே நேர்த்தண்டாக மாறியது. என் '1963' வண்டிக்கு அடியில் இருந்தது அந்தத் தண்டு. விரும்பிப் படித்தவன் நான், அதை வண்டியில் பார்த்துச் சொன்னவர் அந்தப் பெரியவர்.

ஏற்காடு போகவில்லை. மறுநாள் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த டிங்கரிடம் விட்டேன். காரைத் தாங்கும் அடிச்சட்டத்தில் (சேஸிஸ்) மூன்று இடங்களில் புது வெல்டிங். காந்தத்தைத் துணியில் சுற்றி உடலெங்கும் ஓட்டினார்; பின் மட்கார்டில் அது ஒட்டவே இல்லை. சுரண்டினால் விரல் கனத்துக்குப் பட்டி. முன்பாதி ஒரு காருடையது, பின்பாதி இன்னொன்றுடையது. ஹெரால்டில் இதைச் செய்வது எளிது. அந்தக் காலத்தில் முழு உடலை ஒரே துண்டாக அடித்துத் தர வெளிக் கம்பெனி கிடைக்காததால், டிரையம்ஃப்காரர்கள் தனி அடிச்சட்டம் போட்டு அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கும்படி அமைத்தார்கள். கூரையைக்கூடக் கழற்றலாம். பழுது பார்க்க வசதி. எனக்கு விற்றவரைப் போன்றவர்களுக்கு அதைவிட வசதி. காயலான் கடையில் செத்துப்போன ஹெரால்டின் ஆர்.சி. புத்தகத்தையும் எண் தகட்டையும் வாங்கி, கெஸல் அடிச்சட்டத்தின் மேல் ஏற்றிவிட்டால் முடிந்தது. காகிதம் அசல், தகடு அசல். (ஸ்டாண்டர்ட் கம்பெனியே 1985-இல் ரோவர் காரின் உடலுக்குள் பழைய வான்கார்டு காரின் வழி வந்த எஞ்சினை வைத்து 'ஸ்டாண்டர்ட் 2000' என்று விற்றது. ஆனால் அதை 1963 வண்டி என்று சொல்லவில்லை.)

பின் சீட்டைக் கழற்றியபோது அடியில் ஒரு சிறிய துணிப்பை கிடைத்தது. உள்ளே வறுத்த காப்பிக்கொட்டை, கால் கிலோ இருக்கும்.

விற்றவர் சொன்ன எஸ்டேட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அங்கே எந்தக் காலத்திலும் ஜீப் தவிர வேறு வண்டி இருந்ததில்லையாம்.

எனக்கு இழப்பு பணத்தோடு நிற்கவில்லை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து ஆண்டுக்கு 'விண்டேஜ்' வண்டி என்று பதிவு. அதற்குத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடைக்காது. இந்த வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்தினால் வேறு காரின் எண் தகட்டுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சார், அறுபது வயதுக்காரருக்கு மூட்டு மாற்றுவதில்லையா? அதனால் ஆள் வேறு ஆகிவிடுவாரா?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். டிங்கர் எடுத்த படங்கள், விற்றவர் கையெழுத்திட்ட ரசீது, எஸ்டேட் கதையைச் சொல்லும் அவருடைய குரல் பதிவு எல்லாம் இருக்கின்றன. ரசீதில் '1963 மாடல் ஹெரால்ட், அசல் நிலை' என்று எழுதி வாங்கியது மட்டுமே நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

போன வாரம் நண்பர் ஒருவர் அந்தப் பட்டறைக்குப் போய்வந்தார். புதிதாக நிற்கும் ஹெரால்ட் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து வண்டியாம். "கதவைத் திறந்தால் தேயிலை வாசனை வந்ததா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.