சிவப்பு விளக்கு எரிகிறது, கதவு வியர்க்கிறது: கண்ணாடிக் கூலர் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மேற்கு மாம்பலத்தில் பால், தயிர், பன்னீர், இட்லி மாவு விற்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். சென்னையில் கண்ணாடிக் கதவு வைத்த கூலர் வாங்க நினைப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்றவரின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

ஜூலையில் வாங்கினேன். கடையில் ஒரே அளவில் இரண்டு கூலர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் சாதாரண இரட்டைக் கண்ணாடி. மற்றதில் கண்ணாடிக்கே சூடேற்றும் ஹீட்டர் உண்டு என்றார்கள்; விலை 14,000 ரூபாய் கூடுதல். "அடைமழையிலும் கதவில் ஒரு சொட்டு நிற்காது சார்" என்று விற்பனையாளர் சொன்னார். கதவுக்கு மேலே பேனலில் ஒரு சுவிட்ச். தட்டினார், சிவப்பு விளக்கு எரிந்தது. பில்லிலும் 'ஹீட்டட் கிளாஸ்' என்றே எழுதிக் கொடுத்தார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் குட்டு வெளிப்பட்டது. காலை பத்து மணிக்கெல்லாம் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்து, கோடு கோடாக நீர் வழியும். கீழ்ச்சட்டத்தில் தேங்கும், அங்கிருந்து தரைக்கு இறங்கும். சாக்குப் போட்டோம், மதியத்துக்குள் பிழியும்படி ஆகிவிடும். பால் கூடை கொண்டுவரும் பையன் ஒருநாள் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். உள்ளே இருப்பது கண்ணாடி வழியே தெரியாததால், வருகிறவர்கள் எல்லோரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினார்கள். தண்ணீர் பிளக் போர்டு வரை ஓடிய அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

அவர்களுடைய சர்வீஸ் ஆள் மூன்று முறை வந்தார். முதல் முறை காஸ்கெட்டை, அதாவது கதவோரத்து ரப்பர் பட்டையை, சோப்பு நீரால் துடைத்துவிட்டு 500 ரூபாய். இரண்டாம் முறை "கேஸ் குறைந்திருக்கிறது" என்று 3,200 ரூபாய். அப்படிச் சொல்வதற்கு முன் அவர் எந்த மீட்டரையும் மாட்டிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் கூலரின் திரையில் 3 டிகிரி காட்டிக்கொண்டிருந்தது. கேஸ் குறைந்த பெட்டி 3 டிகிரியில் எப்படி நிற்கும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. கேட்டிருந்தால் 3,200 மிஞ்சியிருக்கும். மூன்றாம் முறை, "நன்றாகக் குளிர்ந்தால் வியர்க்காது" என்று தெர்மோஸ்டாட்டை 1 டிகிரிக்கு இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு சாக்கு போதவில்லை, இரண்டு போட்டோம்.

அவர் செய்தது நேர்த் தலைகீழ். ஐஸ் போட்ட தம்ளர் வியர்ப்பதும் இந்தக் கதவு வியர்ப்பதும் ஒன்றுதான். கடைக்குள் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். கதவை வியர்க்காமல் வைக்க வேண்டுமானால் அதன் வெளிப்பரப்பு 26 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். உள்ளே இன்னும் குளிரவைத்தால் கண்ணாடியும் இன்னும் குளிரும், அவ்வளவுதான். இதில் இன்னொன்றும் பிறகு தெரிந்தது. கடைக் கூலர்களைச் சோதிக்கும் சர்வதேசத் தரத்தில் தட்பவெப்ப வகுப்புகள் உண்டு. 3ஆம் வகுப்பு என்றால் 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம். 4ஆம் வகுப்பு 30 டிகிரி, 55 சதவீதம். அந்தக் காற்றில் 20 டிகிரிக்குக் கீழே போனால்தான் நீர் படியும். அந்தச் சோதனையில் தேறிய கதவு, துவைத்த சட்டை இரண்டு நாள் காயாத நம் ஊர்க் காற்றில் தோற்பதில் வியப்பில்லை. 35 டிகிரிக்கும் 75 சதவீதத்துக்கும் சோதிக்கும் 7ஆம் வகுப்பும் இருக்கிறது. வாங்கும்போது எந்த வகுப்பு என்று கேளுங்கள்.

கடைசியில் பெரம்பூரிலிருந்து தெரிந்த மெக்கானிக் ஒரு பையனை வரவழைத்தேன். வந்தவுடன் அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கதவின் கீலைப் பார்த்தான். "அண்ணா, ஹீட்டர் இருந்தால் இங்கே ஒரு கம்பி கதவுக்குள் போக வேண்டும். போகவே இல்லையே" என்றான். பேனலின் திருகுகளைக் கழற்றினான். சிவப்பு விளக்குச் சுவிட்சிலிருந்து இரண்டு கம்பிகள் ஒரு சாண் நீளத்துக்கு வந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டு, எங்கும் சேராமல் தொங்கின. விளக்கு மட்டும் எரிவதற்கென்றே ஒரு சுவிட்ச்! கம்பியைக் கவ்வி அதில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒரு கம்பியில் மாட்டிக் காட்டினான்: சுழியம். (இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கவ்வினால் நல்ல ஹீட்டருக்கும் சுழியம்தான் காட்டும், ஒன்றை மட்டும் பிரித்துக் கவ்வ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான்.)

தெர்மோஸ்டாட்டை 4 டிகிரிக்கு ஏற்றினான். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது, ஆக காஸ்கெட்டில் பழுதில்லை. மூலையில் கிடந்த டேபிள் ஃபேனைக் கண்ணாடி மேல் காற்று படும்படி திருப்பி வைத்தான். வழிவது பாதியாகக் குறைந்தது. 300 ரூபாய் வாங்கிக்கொண்டான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, துடைக்க முடியாத இடத்தில் மங்கல் தெரிந்தால் மட்டும் கண்ணாடியையே மாற்ற வேண்டும், ஓரத்து சீல் போய்விட்டது என்று பொருள் என்றான். திறந்து மூடியதும் உள்பக்கம் ஒரு நிமிடம் மங்கித் தெளிவது இயல்பாம்.

பில்லோடும் படங்களோடும் கடைக்குப் போனேன். உரிமையாளர் அமைதியாக, "நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியிருக்கிறீர்கள், நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது" என்றார். பலரை இந்த ஒரு வரியில் திருப்பி அனுப்பியிருப்பார் போலிருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவரை அது விலக்கவில்லை. என் கடையில் நானும் மனைவியும் மட்டும்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

புகார் போன பிறகு குரல் மாறியிருக்கிறது. கதவுகளை மாற்றித் தருகிறோம் என்கிறார்கள், சென்ற வாரம் ஒருவர் வந்து அளவும் எடுத்துப் போனார். கீலில் கம்பி வருமா என்று கேட்டதற்கு, "கேட்டுச் சொல்கிறேன் சார்" என்றார். இன்னும் சொல்லவில்லை. பேனலை மூடாமல் அப்படியே வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் கேட்டால் சுவிட்சைத் தட்டிக் காட்டுகிறேன். விளக்கு நன்றாகத்தான் எரிகிறது.