ஒற்றை எண்ணா, பத்தாயிரம் ஓட்டங்களா? லிஸ்டீரியா அபாயத்தைக் கணிக்கும் இரு வழிகள்

தென்னாப்பிரிக்காவில் 2017–18இல் பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியே பரவிய லிஸ்டீரியா தொற்று 1,060 பேரைத் தாக்கி, 200க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் குளிர்ப்பெட்டிக்குள்ளும் பெருகக்கூடிய பாக்டீரியா என்பதால், ஆலையில் எடுத்த மாதிரியின் முடிவை மட்டும் வைத்து உண்பவரின் அபாயத்தைச் சொல்லிவிட முடியாது. தொடக்க எண்ணிக்கை, வீட்டுக் குளிர்ப்பெட்டியின் வெப்பநிலை, அங்கே கிடந்த நாட்கள், உண்ட அளவு, உண்டவரின் உடல்நிலை ஆகியவற்றை ஒன்றோடொன்று கோத்துக் கணக்கிட வேண்டும். இதற்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்ணை இட்டுப் பார்க்கும் ஒற்றை மதிப்புக் கணக்கு ஒரு வழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவுப் பரவலை (எந்த மதிப்பு எவ்வளவு வாய்ப்போடு வரும் என்ற பட்டியலை) வைத்து, அதிலிருந்து சமவாய்ப்பாக எண்களை எடுத்து ஆயிரக்கணக்கான முறை கணினியில் ஓட்டும் மான்டி கார்லோ முறை மற்றொன்று.

ஒற்றை மதிப்புக் கணக்கின் பெருமை அதன் வெளிப்படைத்தன்மைதான். ஒரே தாளில் எழுதிவிடலாம். எந்த எண் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்கலாம். ஆனால் எந்த எண்ணை இடுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். இறைச்சிப் பொட்டலங்களில் பாக்டீரியா எண்ணிக்கையின் இடைநிலை அளவு (பாதிப் பொட்டலங்கள் இதற்குக் கீழே, பாதி மேலே) கிராமுக்கு 10 என்றும், பத்தடி மடக்கையில் அதன் திட்ட விலக்கம், அதாவது சிதறலின் அளவு, 1.5 என்றும் கொண்டால், மடக்கை இயல்நிலைப் பரவலின்படி (எண்ணிக்கையின் மடக்கை மணி வடிவில் பரவுவதாகக் கொள்வது) கூட்டுச் சராசரி, அதாவது எல்லாவற்றையும் கூட்டி வகுத்த சராசரி, ஏறத்தாழ 3,900 ஆகிறது; எண்ணிக்கை மிக அதிகமான சில பொட்டலங்களே அதை இப்படி உயர்த்துகின்றன. குறைந்த அளவுகளில் நோய் வாய்ப்பு உட்கொண்ட எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருப்பதாகவே பெரும்பாலான கணித மாதிரிகள் கொள்வதால், மக்கள்தொகையின் மொத்த அபாயத்தைத் தீர்மானிப்பது கூட்டுச் சராசரியே. வழக்கமான பொட்டலம் என்று எண்ணி 10ஐ இட்டவர் அபாயத்தை 390 மடங்கு குறைத்துச் சொல்லியிருப்பார்.

அப்படியானால் மிக மோசமான மதிப்புகளையே இடலாமே என்பார்கள். சுயேச்சையான மூன்று காரணிகளில் ஒவ்வொன்றுக்கும், 5 விழுக்காட்டுப் பொட்டலங்களே தாண்டும் உச்ச மதிப்பை இட்டால், மூன்றும் ஒருசேரத் தாண்டப்படும் வாய்ப்பு 8,000இல் ஒன்றுதான். எச்சரிக்கை என்ற பெயரில் எவ்வளவு மிகைப்படுத்தினோம் என்பதே தெரியாத ஒரு விடை கையில் கிடைக்கும். அதை வைத்து இரண்டு தடுப்பு நடவடிக்கைகளில் எது மேல் என்று ஒப்பிட முடியாது.

மான்டி கார்லோ முறை முந்துவது இந்த ஒப்பீட்டில்தான். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் அந்நாட்டு வேளாண்மைத் துறையும் 2003இல் 23 வகை உணவுகளை இம்முறையில் மதிப்பிட்டு, பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளை அபாயப் பட்டியலின் உச்சியில் வைத்தன. வீட்டுக் குளிர்ப்பெட்டி எதுவும் 7 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்று மாற்றி ஓட்டியபோது நோயாளிகள் எண்ணிக்கை ஏறத்தாழ 69 விழுக்காடு குறைந்தது. வரம்பை 5 டிகிரியாக்கியபோது 98 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இரண்டே டிகிரிக்கு இவ்வளவு வேறுபாடா என்று வியக்கலாம். அபாயத்தின் பெரும்பகுதி போதிய குளிர்ச்சியில்லாத குளிர்ப்பெட்டிகளில்தான் குவிந்திருக்கிறது என்பதே இதன் பொருள். ஒற்றைச் சராசரி வெப்பநிலையை இட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஆயினும் இப்படிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பாவனைக்குத் தனக்கே உரிய பொறிகள் உண்டு. நாட்களையும் வெப்பநிலையையும் தனித்தனியே எடுத்தால், 12 டிகிரியில் 30 நாட்கள் கிடந்த இறைச்சியையும் கணினி கூச்சமின்றி உண்ணச் செய்யும். அதற்குள் அது கெட்டு நாறிக் குப்பைக்குப் போயிருக்கும் என்பது அதற்குத் தெரியாது. பாக்டீரியா பெருக்கத்துக்கு உச்சவரம்பு இடாவிட்டால் எண்ணிக்கை நடக்கவே முடியாத அளவுக்கு ஏறும். லட்சத்தில் ஒருமுறை நேர்வதை 10,000 ஓட்டங்களில் பிடிக்க முனைவது பெரும்பாலும் வீண்முயற்சியே. பொட்டலத்துக்குப் பொட்டலம் இயல்பாக உள்ள மாறுபாட்டையும் நமது அறியாமையால் வரும் நிச்சயமின்மையையும் ஒரே பரவலில் கலப்பது இவை அனைத்தையும்விட மோசமான பிழை. இரண்டையும் பிரிக்க ஓட்டத்துக்குள் ஓட்டம் வேண்டும்: 1,000க்கு 1,000 என்றால் 10 லட்சம் கணக்குகள்.

எனவே, மோசமான மதிப்புகளை இட்டும் அபாயம் அற்பமாகவே வந்தால் ஒற்றைக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதே முறை. அங்கே பாவனை வெறும் அலங்காரம். வரம்பை எங்கே வைப்பது, எந்த நடவடிக்கைக்குப் பணம் ஒதுக்குவது என்ற கேள்வி எழும்போது மான்டி கார்லோவைத் தவிர்க்க முடியாது. ஆனால் குளிர்ப்பெட்டி வெப்பநிலைக்கு அளந்த தரவு இல்லாமல், ஊகித்த முக்கோணப் பரவலை (குறைந்தபட்சம், அதிகபட்சம், மிக வாய்ப்புள்ளது என்ற மூன்றே மதிப்புகளால் அமைவதை) இட்டு மூன்று தசம இடங்களுக்கு விடை தரும் அறிக்கையைவிட, ஊகத்தை ஊகமென்று ஒப்புக்கொள்ளும் ஒற்றைத் தாள் கணக்கையே நான் நம்புவேன்.