மொறிஸ் மைனர் 1000: வன்னி வீதிகளில் ஓட்டியவனின் மதிப்பீடு

பழைய கார் வாங்க விரும்பும் இளைஞர்கள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் வந்து மொறிஸ் மைனரைப் பற்றி விசாரிக்கிறார்கள். இந்த வகைக் கார் இரண்டை நான் வைத்திருந்திருக்கிறேன். முதலாவதை 1996இன் கடைசியில், போரால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் கொட்டில் போட்டிருந்த நாட்களில் வாங்கினேன். 2009இன் தொடக்கம் வரை அது எங்களோடு இருந்தது. இரண்டாவதை 2014இல் வாங்கினேன். இன்றும் அது கிளிநொச்சியில் என் வீட்டு மாமரத்தின் கீழ் நிற்கிறது. இரண்டும் 1950களின் இறுதியில் செய்யப்பட்ட, 948 சீசீ இயந்திரம் பூட்டிய வண்டிகள். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பயணத்துக்கு இந்தக் காரை நம்பக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நடுக்காட்டில் நின்றாலும் ஒரு திருப்புளி, ஒரு குறடு, ஒரு துண்டுக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு மறுபடி ஓடவைக்கக்கூடிய கார் ஒன்று வேண்டுமென்றால், இதைவிட நல்லதை நான் கண்டதில்லை.

1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் முதன்முதலாக வெளிவந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுக்கமாக இருப்பதாக எண்ணி, அதை நெடுக்காக அறுத்து நான்கு அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். 1956இல் முன்கண்ணாடி ஒரே துண்டாகி, 948 சீசீ இயந்திரமும் வந்து சேர்ந்தபோதுதான் '1000' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1962இல் இயந்திரம் 1098 சீசீ ஆயிற்று. பத்து இலட்சம் வண்டிகள் என்ற எண்ணிக்கையை முதன்முதலில் தொட்ட பிரித்தானியக் கார் இதுதான். இலங்கைக்கும் நிறையவே வந்து சேர்ந்ததால், வன்னியில் வயற்காரர், வைத்தியர், தலைமையாசிரியர் எனப் பலருடைய முற்றங்களிலும் ஒரு மைனரோ அதன் காலத்து ஓஸ்ரினோ நின்றது.

போர்க்காலத்தில் அரசு வடக்குக்கு விதித்த, 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குப் பிறகு இந்தக் கார்களுக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத பொருளாயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவுக்குக் கிடைத்தது. புதிய யப்பானியக் கார்கள் மூடிக்கட்டப்பட்டுக் கொட்டில்களில் கிடக்க, நாற்பது வயதான மைனர்கள் புகை கக்கிக்கொண்டு வீதியில் ஓடின. இதற்குக் காரணம் இருக்கிறது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அமுக்கம் கூடிய இயந்திரத்தில் அது காலந்தப்பி வெடித்துப் பிஸ்ரனைத் தட்டும். மைனரின் அமுக்க விகிதம் பிற்கால இயந்திரங்களுடையதைவிடக் குறைவு. போதாதென்றால் இயந்திரத் தலையின் அடியில் கஸ்கற் என்ற அடைப்புத் தகட்டை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு இன்னும் குறைத்துக்கொள்ளலாம். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் அதன் எஸ்.யு. காபரேற்றரின் அடியில் ஒரு நட் இருக்கிறது. அதைத் திருகி, எரிபொருள் வரும் துளையான ஜெற்றைக் கீழிறக்கினால், இயந்திரத்துக்குப் போகும் எரிபொருளின் அளவு கூடும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பிப் பொறி விழும் நேரத்தைப் பிந்தவைத்தால் தட்டலும் அடங்கும். இவ்வளவையும் மல்லாவியில் ஒரு பாலைமரத்தின் கீழ், தறப்பாள் விரித்த கராஜில், ஒரே பிற்பகலில் எனக்குச் செய்து தந்தார்கள்.

ஓட்டுகிற முறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். பொனற்றின் உள்ளே, பற்றறிக்குப் பக்கத்தில், ஒரு சேலைன் போத்தல் தலைகீழாகத் தொங்கும். அதில் கால் போத்தல் பெற்றோல் இருக்கும். அதன் குழாயும் மண்ணெண்ணெய்க் குழாயும் இருவழித் தப்பு (குழாயைத் திறந்து மூடும் திருகி) ஒன்றில் வந்து சேரும். காலையில் தப்பைப் பெற்றோல் பக்கம் திருப்பி, காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்து, பற்றறியை மிச்சம் பிடிப்பதற்காக முன்புறத் துளையில் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினால், மூன்றாவது சுற்றில் இயந்திரம் இருமிக்கொண்டு எழும்பும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் பின்னோக்கி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். றேடியேற்றருக்கு முன்னால் ஒரு சாக்குத் துண்டைக் கட்டி, ஐந்து நிமிடம் சூடேறவிட்டு, அதன் பிறகு தப்பை மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். பின்னால் வெண்புகை கிளம்பும். சைக்கிளில் வருகிறவர்கள் கண்ணைக் கசக்குவார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது, படலைக்கு ஒரு மைல் கட்டை தூரத்துக்கு முன்பே தப்பைப் பெற்றோலுக்கு மாற்ற மறந்தால், காபரேற்றர்ச் சட்டியில் மண்ணெண்ணெய் தங்கிவிடும்; மறுநாள் காலையில் சட்டியைக் கழற்றி ஊற்றாமல் வண்டி எழும்பாது. நான் மறந்த நாட்களில் என் மனைவிதான் பின் இருக்கையிலிருந்து நினைவூட்டுவார்.

மைனரில் எரிபொருளை இழுப்பது மின்பம்ப். பொனற்றின் உள்ளே, பின்சுவரில் பூட்டியிருக்கும் அந்தச் சிறு உருளை, திறப்பைத் திருப்பியதும் 'டிக், டிக், டிக்' என்று அடித்து, காபரேற்றர்ச் சட்டி நிறைந்ததும் தானாக ஓய்ந்துவிடும். வண்டியைப் பொறுப்பெடுத்த அன்று அந்தக் கராஜ் ஐயா என்னிடம் சொன்னார்: "தம்பி, அந்தச் சத்தத்தைக் காதில வைச்சிருங்கோ. அடிச்சு ஓய்ஞ்சா நல்லம். ஓயாமல் அடிச்சா எண்ணெய் இல்லை, இல்லாட்டி எங்கையோ காத்து இழுக்குது. அடிக்கவே இல்லையெண்டா பொயின்ற் கருகிப்போச்சு." பொயின்ற் என்றது பம்பின் உள்ளே மின்சாரத்தைத் தொடுத்துத் துண்டிக்கும் முனைகளை. அவர் சொன்ன மூன்றில் எது நடந்தாலும் அந்தச் சத்தத்தை வைத்தே அடுத்த பன்னிரண்டு வருடமும் நான் கண்டுபிடித்தேன்.

1997இல் ஒரு நாள் அப்பாவைக் கண் வைத்தியத்துக்காகப் புதுக்குடியிருப்புக்கு அழைத்துப் போனேன். ஒட்டுசுட்டானைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும், மாலைப்பொழுதில், இயந்திரம் இரண்டு தரம் விக்கி நின்றுவிட்டது. இரு பக்கமும் காடு. திறப்பைத் திருப்பினேன், டிக் என்ற சத்தம் இல்லை. பம்பின் கறுப்பு மூடியைப் பிடித்திருக்கும் சிறு நட்டைக் கழற்றி மூடியை எடுத்தால், உள்ளே மிளகளவான இரண்டு பொயின்ற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன, இரண்டிலும் கரி. அப்பா தீப்பெட்டியை நீட்டினார். அதன் உரசும் பக்கத்தை மெல்லியதாகக் கிழித்து, இரண்டு பொயின்ற்களுக்கும் இடையில் விட்டு நாலைந்து தரம் இழுத்தேன். பிறகு சட்டைத் தலைப்பால் துடைத்து, மூடியைப் போட்டுத் திறப்பைத் திருப்பியதும், டிக், டிக், டிக். அப்பாவுக்குக் கண் மங்கலாயிருந்தாலும் காது கூர்மை, "வந்திட்டுது" என்றார். நாற்பது வருடப் பழைய பொயின்ற் கருகுவது இயல்பு. அதற்காகப் பம்பைச் செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைய கார் ஒன்றின் பம்ப் பெற்றோல் தாங்கியின் உள்ளே அமிழ்ந்து கிடக்கிறது. அது நின்றுபோனால் வீதியோரத்தில் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

மண்ணெண்ணெய் இயந்திரத்தைத் தின்றது என்பதையும் மறைக்கக்கூடாது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வழிந்து கீழே இயந்திர எண்ணெயுடன் கலக்கும். எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். விரலில் தொட்டால் தண்ணீர்போல் ஓடும். அந்த எண்ணெயால் பெயாரிங்குகளைக் காப்பாற்ற முடியாது. என் வண்டியில் இரண்டு முறை பெயாரிங் மாற்றினோம். பிளக்குகளை வாரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கம்பித் தூரிகையால் கரி சுரண்டினோம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, வன்னியூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்து, பெற்றோல் தாராளமாகக் கிடைத்தபோது சேலைன் போத்தலைக் கழற்றினேன். அன்று முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, புகையில்லாத காரில் வவுனியா வரை போய் வந்தோம். 2006இல் பாதை மூடப்பட்டதும் போத்தல் மறுபடி தன் இடத்தில் தொங்கியது. போரின் கடைசி மாதங்களில், 2009 பெப்ரவரியில் சுதந்திரபுரத்தில், பெட்டிகளும் பாய்களும் ஏற்றியபடி, அந்தக் காரை விட்டுவிட்டு நடந்தோம். திறப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டாவது மைனரைப் பெற்றோலில் மட்டுமே ஓட்டுகிறேன். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்று, பிறகு கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்தபோது, பழைய முறைக்குத் திரும்பலாமே என்று அயலவர்கள் கேட்டார்கள். மண்ணெண்ணெயும் அப்போது கிடைக்கவில்லை. அந்த ஓகஸ்ற்றில் அதன் விலையும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. தவிரவும், தேவை இல்லாதபோது ஒரு நல்ல இயந்திரத்துக்கு அந்தத் தண்டனையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்க எண்ணுகிறவர்கள் இயந்திரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதைத் திருத்தலாம். தகரத்தைப் பாருங்கள். தரை விரிப்பைத் தூக்கி, ஓட்டுநரின் காலடியையும், பின்புற வில்லுத் தகடுகள் பூட்டிய இடங்களையும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்த வண்டி வேண்டாம். முன் சக்கரங்களின் கீழ் மூட்டுக்குக் கிறீஸ் அடிக்கப்பட்டிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். கிறீஸ் காணாத மூட்டு தேய்ந்து விட்டால் சக்கரம் ஓடும்போதே மடிந்துவிடும். பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் தரைக்கு அடியில் ஒளிந்திருப்பதால் அதைக் கழற்ற அரை நாள் போகும்; இந்தக் காரில் எனக்குப் பிடிக்காத ஒரே வேலை அது. பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இன்றைய வழக்கத்துக்கு இது நேரெதிர் என்பதால், புதியவர்கள் மாறிப் பூட்டி டைனமோவைக் கெடுத்துவிடுவார்கள்.

விற்பவர் வீட்டுக்குப் போனதும், பேச்சைத் தொடங்குவதற்கு முன்பு, பொனற்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், தேநீரைக் குடித்துவிட்டு, நாளைக் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்; ஆறிக் கிடக்கும் மைனரை ஹாண்டிலால் சுற்றி எழுப்பிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.