காவேரிப்பட்டணத்தில் அத்தை பேச, நாங்கள் பதிவு செய்தோம்

ஊருக்குப் போய் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய நினைக்கிறீர்களா, அப்படியென்றால் ஊரிலேயே இருக்கிற கூடப்பிறந்தவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான் மெல்போர்னிலிருந்து வந்தவன் என்பதால் அத்தை என்னிடம் விருந்தாளியிடம் பேசுவது போல, "அந்தக் காலம் கஷ்டந்தான் கண்ணு" என்று சுருக்கமாக முடித்தார். தங்கச்சிதான், "மாந்தோப்ப ஏன் அத்தை வித்தாங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான், மதியச் சாப்பாடு வரை பேச்சு நிற்கவில்லை, நடுநடுவே தெலுங்குக்குப் போய்விட்டார், அதையும் அவள்தான் பிடித்துக்கொண்டு பேர்களையும் உறவுமுறையையும் நோட்டில் எழுதினாள்.

வருஷம் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. "கே.ஆர்.பி. டேம் கட்டுறப்ப நான் பாவாடை கட்டின பொண்ணு" என்றார் அத்தை, அது கிருஷ்ணகிரி அணை, அப்படியென்றால் 1950களின் நடுப்பகுதி. "அப்ப நாம சேலம் ஜில்லா" என்றால், எங்கள் பகுதியும் சேர்ந்து சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமான 1965 அக்டோபருக்கு முன்னால். இப்படித்தான் தாத்தா இறந்த காலத்தைக் கண்டுபிடித்தோம்.

இனி கடை, அலுவலக விஷயம். சட்டையில் மாட்டும் மைக் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் மொபைல் கடையிலேயே கிடைத்தது, நன்றாகவே வேலை செய்கிறது. மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும், அதனால் வெயில் ஏறுவதற்குள், காலையிலேயே உட்காருங்கள். பழைய போட்டோக்களைக் கொடுத்த முதல் ஸ்டுடியோவில் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள், முகமே தெரியவில்லை, எனக்கு ரொம்ப வருத்தம், ஏனென்றால் அதில் பாட்டியின் ஒரே படம் இருந்தது. இன்னொரு கடையில் 600 டிபிஐ-யில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து சாயங்காலமே பென்டிரைவில் கொடுத்தார்கள், கண்ணாடி வளையல் வரை தெரிகிறது. கொடுக்கும்போதே டிபிஐ சொல்லிக் கேளுங்கள். தோப்பு விற்ற பத்திரத்தின் நகலுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம், ஆவண எண்ணும் வருஷமும் கையில் இருந்ததால் அலைச்சல் இல்லை.

முடிந்தால் பெரியவர்களை வெளியே அழைத்துப் போங்கள். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் (வெள்ளிக்கிழமை விடுமுறை) நடுகற்களைப் பார்த்ததும் அத்தை, தன் அம்மா ஊரில் எருதுகட்டு என்ற காளை விளையாட்டில் இறந்துபோன ஒரு பெரியப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்படி ஒருவர் இருந்ததே எங்கள் இருவருக்கும் தெரியாது. நல்லவேளை, மைக் அவர் புடவையிலேயே இருந்தது.

பதிவுகளின் ஒரு பிரதி என்னிடம், ஒன்று தங்கச்சியிடம். வேப்பனப்பள்ளி மாமாவிடம் மிச்சத்தைக் கேட்க அடுத்த மாதம் அவள் போகிறாள், நான் வீடியோ காலில் இருப்பேன்.