ஸ்பானிஷில் 'பாருங்க', 'ஏறுங்க': இரண்டு வருஷப் பழக்கத்தில் தெரிந்தது

கன்னியாகுமரிக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகளைக் காரில் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவது என் தொழில். மொபைல் ஆப்பில் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றாடம் கைகொடுப்பது ஏவல் வினைதான். 'பாருங்க', 'ஏறுங்க', 'கொஞ்சம் நில்லுங்க' இல்லாமல் இந்தத் தொழிலில் ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது.

ஆப் முதலில் 'நீ' வடிவத்தைத்தான் சொல்லித் தந்தது. சுலபம்தான்: 'மிராஸ்' (பார்க்கிறாய்) என்பதில் கடைசி 'ஸ்' போனால் 'மிரா', பார். 'கோமெஸ்' (சாப்பிடுகிறாய்) 'கோமே' ஆகும். ஆறு மாசம் இதையே பழகினேன். பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு தாழ்ந்த வாசலில், என் அம்மா வயசுள்ள மெக்சிகோக்காரர் ஒருவரிடம் 'பாஹா லா கபேஸா' என்றுவிட்டேன். தலையைக் குனி! அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து போனார். எனக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. 'பாஹே' என்றிருக்க வேண்டும்.

நமக்கு மரியாதை சேர்ப்பது லேசு, பின்னால் 'ங்க' போட்டால் ஆயிற்று. ஸ்பானிஷில் கடைசி உயிரெழுத்தே மாறும். அகராதியில் 'ஆர்' என்று முடியும் வினைக்கு ('மிரார்' போல) 'ஏ': மிரே, பாஹே, எஸ்பெரே (காத்திருங்க). 'ஏர்', 'ஈர்' என்று முடிபவற்றுக்கு 'ஆ': கோமா (சாப்பிடுங்க), பேபா (குடிங்க), சுபா (ஏறுங்க). 'மிரா'வில் 'நீ'யாக இருக்கும் அதே 'ஆ', 'கோமா'வில் 'நீங்க' ஆகிவிடுகிறது. தடுமாற்றம் முழுக்க இங்கேதான். இலக்கணக் குறிப்பை மனப்பாடம் செய்து இது தீரவில்லை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகும் வழியெல்லாம் 'மிரா-மிரே, கோமே-கோமா' என்று ஜோடி ஜோடியாகச் சொல்லிச் சொல்லித்தான் வாயில் படிந்தது.

பலர் வந்தால் கடைசியில் ஒரு 'ன்', அவ்வளவுதான்: மிரென், சுபான். ஸ்பெயின்காரர்கள் தங்கள் கூட்டாளிகளிடம் 'மிராத்' என்பார்கள். கேட்டால் புரிகிறது, நான் சொல்வதில்லை.

தமிழ் பேசுகிறவர்கள் 'நீங்க' வடிவத்திலிருந்தே தொடங்குவது நல்லது. பெரியவரைக் கண்டால் நம் நாக்கு தானாகத் தேடுவது அதைத்தான். போன மாசம் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு மட்டிப்பழம் உரித்து நீட்டி 'கோமா, கோமா' என்றேன். சாப்பிட்டுவிட்டு, சிரித்தபடி 'துத்தேயமே' என்றார். 'என்னை நீ என்றே கூப்பிடு'. அதுவும் ஏவல்தான், 'என்னை' என்கிற 'மே' வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரி என்று தலையாட்டினேன். ஆனால் கார் கதவைத் திறந்தபோது வாயில் வந்தது 'சுபா'தான்.