வனராஜா: கறிக்கு முழு மார்க், முட்டைக்கு முக்கால்

முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும் என்று சொல்லித்தான் வனராஜா குஞ்சு விற்கிறார்கள். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் புழக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய ரகம். எங்கள் தோட்டத்தில் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழியோடு சேர்த்து விட்டிருக்கிறோம்.

கறியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேவல் மூன்று மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரை கிலோ வந்துவிடும். சிறுவிடைக்கு அதற்கு அரை வருஷமாவது வேண்டும். குக்கரில் மூன்று விசிலுக்கே கறி வெந்துவிடுகிறது. ரசம் வைக்க மட்டும் எங்கள் மாமியார் இன்னமும் சிறுவிடைதான் கேட்பார். நானும் அவர் கட்சி.

வெடைகள், அதாவது இளம் பெட்டைகள், ஆறு மாத வாக்கில் முட்டைக்கு வரும். பழுப்பு ஓடு, நாட்டு முட்டையைவிடப் பெரிசு. ஆனால் தீனியில் கை இறுக்கம் வேண்டும். கொட்டிக் கொட்டிப் போட்டால் கொழுப்பு வைத்து முட்டை குறைந்துவிடும். அப்படிப்பட்ட கோழியை அறுத்தால் இரைப்பையைச் சுற்றி மஞ்சளாகக் கை நிறைய வரும். காலையில் திறந்துவிட்டு மேயவிடுங்கள். சாயங்காலம் அடைக்கும்போது கம்பும் தவிடும் போதும்.

கால் மார்க் குறைத்தது அடை காக்காததற்காக. இது அடை உட்காருவதே அபூர்வம். இதன் முட்டைக்குச் சிறுவிடையை உட்காரவைத்துக் குஞ்சு பொரித்தாலும் அது வனராஜாத் தாயைப்போல் எடை வராது, முட்டையும் குறையும். ஒவ்வொரு தடவையும் குஞ்சு வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் குஞ்சு தாயில்லாமல் பல்பு வெளிச்சத்தில் வளர்ந்ததற்கு இன்னொரு விலை உண்டு. பருந்து நிழல் விழுந்ததும் சிறுவிடைத் தாய் ஒரு குரல் கொடுக்கும், அதன் குஞ்சுகள் வேலிக்கடியில் மறைந்துவிடும். வனராஜாக் குஞ்சு அண்ணாந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் வளரும்வரை வலைக்குள்ளேயே வையுங்கள்.

வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியை விடவே கூடாது. முதல் வாரக் கடைசியில் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து கண் சொட்டாக, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி.

விற்பனைக்கென்றால் நாட்டுக்கோழி விலையை எதிர்பார்க்காதீர்கள். நீளமான, தடித்த காலைப் பார்த்ததுமே வியாபாரி விலையை இறக்கிவிடுவார். முட்டை மட்டும் போதும் என்பவர்கள் அதே இயக்குநரகத்தின் கிராமப்பிரியா வாங்கலாம். உடம்பு சிறிசு, முட்டை அதிகம்.